மண்ணுக்குள் ஏடு படித்த ஸ்மித்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. நிலவியல்)

ஒரே வகுப்பில் மூன்று செல்வராஜ்கள் இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒருவனை முன்னெழுத்தால் அழைக்கிறோம். இன்னொருவனை ஊர்ப் பெயரால் அழைக்கிறோம். மூன்றாமவனுக்குப் பட்டப் பெயர் சூட்டிவிடுகிறோம். இங்கிலாந்தில் ஸ்மித் என்ற குடும்பப் பெயருக்கும் இதே நிலைதான். அந்நாட்டில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் அதுவே. ஸ்மித் என்றால் உலோகத்தை அடித்து உருவாக்குபவர், அதாவது கொல்லர் என்று பொருள். ஊருக்கு ஊர் உலைக்களம் இருந்த காலத்தில் தொழிலின் பெயர் குடும்பத்தின் பெயராயிற்று. பிறகு தொழில் மாறியது; பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இந்தப் பெயருக்கு உரியவர்கள் உலகின் பல துறைகளிலும் தடம் பதித்திருக்கிறார்கள். 1607-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் குடியேறிய முதல் ஆங்கிலேயர் கூட்டத்தில் ஜான் ஸ்மித் என்ற படைத்தலைவர் இருந்தார். 1776-இல் நாடுகளின் செல்வத்தைப் பற்றி நூல் எழுதிப் பொருளியலுக்குக் கால்கோள் இட்டவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஆடம் ஸ்மித். வங்கிப் பணத்தாளுக்கான தகடு செதுக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டே பழைய மெசப்பொட்டேமியாவின் ஆப்பெழுத்துகளைப் படிக்கப் பழகி, 1872-இல் களிமண் பலகைகளிலிருந்து பெருவெள்ளக் கதையை வெளிக்கொண்டு வந்தவர் ஜார்ஜ் ஸ்மித். 1819-இல் கப்பலில் தெற்கே ஒதுங்கிச் சென்று, அண்டார்டிகாவுக்கு அருகில் தென் ஷெட்லாந்துத் தீவுகளைக் கண்டவர் வில்லியம் ஸ்மித் என்னும் மாலுமி.

அதே 1819-ஆம் ஆண்டில், அதே வில்லியம் ஸ்மித் என்ற பெயர் கொண்ட இன்னொருவர் இலண்டன் நகரத்தில் கடனாளிச் சிறையில் இருந்தார். ஒரு வில்லியம் ஸ்மித் உலகத்திற்குப் புதிய நிலத்தைக் காட்டினார். மற்றொருவரோ எல்லோரும் நாள்தோறும் மிதித்துச் சென்ற பழைய நிலத்திற்குள் என்ன இருக்கிறது என்று காட்டினார். இந்த இரண்டாமவரைப் பற்றியே நான் எழுத எண்ணினேன். மற்ற ஸ்மித்துகளிலிருந்து பிரித்தறிவதற்காக இவரை 'ஸ்ட்ராட்டா ஸ்மித்' என்று அழைத்தார்கள். ஸ்ட்ராட்டா என்பது பாறை அடுக்குகளைக் குறிக்கும் சொல். அடுக்கு ஸ்மித் என்று நாம் சொல்லலாம். நிலவியல் படிக்கும் மாணவர்கள் முதலாண்டிலேயே இவர் பெயரை ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்து போகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எழுபது ஆண்டுகால உழைப்பும் அவமானமும் பொறுமையும் இருக்கின்றன.

உலைக்களத்தில் பிறந்தவர்

வில்லியம் ஸ்மித் 1769-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் சர்ச்சில் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெயருக்கேற்ப இவருடைய தந்தை உண்மையிலேயே அவ்வூர்க் கொல்லர். வில்லியத்திற்கு எட்டு வயதானபோது தந்தை இறந்துவிட்டார். தந்தையின் உடன்பிறந்தவரான ஓர் உழவர் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். அவர் பெயரும் வில்லியம் ஸ்மித்தான்!

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் இருந்த அதே மாவட்டத்தில் பிறந்தும், அந்தப் பல்கலைக்கழகத்தின் வாயில் இவருக்குத் திறக்கவில்லை. கிராமப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது. ஆனால் ஊர் மண்ணே இவருக்கு ஏடாக இருந்தது. அவ்வூர் வயல்களில் உருண்டையான சிறு கற்கள் கிடைக்கும். உற்றுப் பார்த்தால் அவை கல்லாகிப்போன கிளிஞ்சல்கள். ஊர்ப் பிள்ளைகள் அவற்றைக் கோலிக்குண்டுகளாக வைத்து விளையாடுவார்கள். வட்டமாகவும் கனமாகவும் உள்ள வேறொரு வகைக் கல்லைப் பால்பண்ணைப் பெண்கள் வெண்ணெய் நிறுக்கும் எடைக்கல்லாகப் பயன்படுத்தினார்கள். அது பண்டைக் கடலில் வாழ்ந்த கடல் முள்ளெலி என்னும் உயிரினத்தின் படிவம். மற்றவர்களுக்கு விளையாட்டுப் பொருளாகவும் எடைக்கல்லாகவும் இருந்தவை, இந்தச் சிறுவனுக்கு மட்டும் கேள்வியாக இருந்தன. கடலே இல்லாத ஊரில் கடற்கிளிஞ்சல் எப்படி வந்தது?

தாமாகவே வடிவ கணிதமும் நில அளவையும் கற்றுக்கொண்ட ஸ்மித், 1787-இல் தமது 18-ஆம் வயதில் எட்வர்ட் வெப் என்ற நில அளவையாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். சங்கிலியும் கோலும் பிடித்து வயல்வெளிகளை அளந்தபோது, ஊருக்கு ஊர் மண்ணின் நிறமும் தன்மையும் மாறுவதைக் குறித்துக்கொண்டார். அளப்பது நிலத்தின் மேற்பரப்பை. அவருடைய நினைவெல்லாம் நிலத்தின் அடியில்.

சுரங்கத் தொழிலாளர் சொன்ன பாடம்

1791-இல் ஒரு பண்ணை நிலத்தை அளக்கும் பணிக்காக ஸ்மித் சாமர்செட் பகுதிக்குச் சென்றார். அது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வட்டாரம். ஹை லிட்டில்டன் என்ற ஊரில் இருந்த மெர்ன்ஸ் சுரங்கத்திற்குள் அவர் இறங்கினார். இறங்கும்போது பக்கச் சுவர்களில் பாறை அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவதைக் கண்டார். எந்த அடுக்குக்குக் கீழே எந்த அடுக்கு வரும், எத்தனையாவது அடுக்கில் நிலக்கரி இருக்கும் என்பதெல்லாம் அந்தத் தொழிலாளர்களுக்கு மனப்பாடம். ஒவ்வோர் அடுக்கிற்கும் அவர்கள் தங்கள் வழக்கில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

ஸ்மித் அவர்களிடம் பாடம் கேட்டார். இந்த வரிசை நிலக்கரிக்கு மேலே உள்ள செம்மண் பாறைக்கும் அதற்கு மேலுள்ள மலைகளுக்கும் பொருந்துமா என்று வினவினார். செம்மண்ணுக்கு மேலே எந்த ஒழுங்கும் கிடையாது என்பது அவர்கள் விடை. அந்த விடையை மட்டும் அவர் மனம் ஏற்கவில்லை. கீழே ஒழுங்கு இருந்தால் மேலேயும் இருக்கத்தானே வேண்டும்?

இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். என் தந்தை கிணறு வெட்டும் தொழிலாளி. பள்ளிக்கூடத்திற்குள் அவர் காலெடுத்து வைத்தது என்னைச் சேர்க்க வந்த நாளில்தான். ஆனால் எங்கள் வட்டாரத்தில் எந்தக் காட்டில் எத்தனை முழத்தில் செம்மண் முடியும், எங்கே சுக்கான் வரும், அதற்குக் கீழே சரளையா பாறையா என்பதைக் கடப்பாரை விழும் ஓசையைக் கேட்டே சொல்லிவிடுவார். கல்லூரிக்கு வந்து பாறை அடுக்குகளின் பாடத்தைப் படித்தபோது, புதிதாகக் கற்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் சொல்லும் பேச்சைப் புத்தகத் தமிழில் படிப்பதாகவே தோன்றியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஸ்மித் செய்த பெரும் செயல், தோட்டத்துச் சுரைக்காயை ஏட்டில் ஏற்றியது. கடப்பாரை பிடித்தவர்களின் அறிவை அவர் கேட்டார், சோதித்தார், அதற்கு அப்பாலும் சென்றார்.

கால்வாய் திறந்த கண்

அந்தக் காலத்தில் நிலக்கரியைக் கொண்டு செல்ல வண்டிப்பாதைகள் போதவில்லை. ஆகவே சாமர்செட் நிலக்கரிக் கால்வாய் என்ற திட்டம் வகுக்கப்பட்டது. 1793-இல் அதற்கான அளவைப் பணி ஸ்மித்திடம் வந்தது. ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லும் இரண்டு பள்ளத்தாக்குகளின் வழியாகக் கால்வாயின் இரண்டு கிளைகள் வெட்டப்பட்டன. நிலவியல் மாணவனுக்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை வேறு கிடைக்காது. நிலத்தை மைல் கணக்கில் அறுத்துக் காட்டுகிறார்கள். அதற்குக் கூலியும் கொடுக்கிறார்கள்!

இரண்டு பள்ளத்தாக்குகளிலும் அடுக்குகள் ஒரே வரிசையில் வந்தன. எல்லாம் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருந்தன. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சற்றே சாய்த்து வைத்தால், ஒவ்வொரு பலகையின் விளிம்பும் தரைமட்டத்தில் அடுத்தடுத்துத் தெரியுமல்லவா? அதுபோலவே, மேற்கிலிருந்து கிழக்கே நடந்து போகும் ஒருவன் பழைய அடுக்கிலிருந்து புதிய அடுக்கிற்கு ஏறிக்கொண்டே போகிறான். 1794-இல் கால்வாய்க் குழுவினர் இருவருடன் ஏறத்தாழ 900 மைல் சுற்றுப்பயணம் செய்து பிற கால்வாய்களைப் பார்வையிட்டார் ஸ்மித். அவர்கள் கால்வாய்களைப் பார்த்தார்கள். இவர் வண்டியின் பலகணி வழியே மலைகளின் வடிவத்தைப் பார்த்தார். தம் எண்ணம் நாடு முழுவதற்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை அவருக்குப் பிறந்தது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. களிமண் அடுக்கு ஒன்றல்ல, பல. சுண்ணாம்புக்கல் அடுக்கும் பல. ஓர் இடத்தில் கறுப்பான களிமண்ணைக் கண்டால், அது எந்தக் களிமண் என்று எப்படி அறிவது? நிறத்தையும் பருமனையும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். நிலக்கரிக்கு மிக மேலே உள்ள கறுப்புக் களிமண்ணைப் பார்த்து, கீழே கரி இருக்கிறது என்று தோண்டிப் பணத்தை இழந்தவர்கள் அக்காலத்தில் பலர்.

இதற்கு விடை, சிறு வயதில் அவர் பொறுக்கிய கிளிஞ்சல் கற்களிலேயே இருந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள புதைபடிவங்கள் அந்த அடுக்கிற்கே உரியவை. மேலும் கீழும் உள்ள அடுக்குகளில் வேறு வகைகள் காணப்படும். இரண்டு களிமண்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். அவற்றுள் இருக்கும் படிவங்கள் ஒன்றாக இரா. ஆகவே படிவமே அடுக்கின் அடையாளச் சீட்டு. 1796-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் இரவு, டங்கர்ட்டன் என்ற ஊரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது இந்தக் கருத்தை ஸ்மித் ஒரு தாளில் எழுதி வைத்தார். இன்று உலகெங்கும் எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள்கூடக் கையாளும் முறைக்கு அந்தத் தாளே தொடக்கம்.

ஏன் அடுக்கிற்கு அடுக்கு உயிரினங்கள் மாறுகின்றன என்ற கேள்விக்கு ஸ்மித் விடை தேடவில்லை. டார்வின் அப்போது பிறக்கவே இல்லை. காரணம் தெரியாமலே ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்து, அதைப் பிழையின்றிப் பயன்படுத்த முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

சொல்லிக் கொடுத்ததும் இழந்ததும்

1799-இல் கால்வாய் நிறுவனம் ஸ்மித்தை வேலையிலிருந்து நீக்கியது. வருவாய் நின்றது. அதே ஆண்டில் பாத் நகரில் இரண்டு பாதிரிமார்கள், பெஞ்சமின் ரிச்சர்ட்சன், ஜோசப் டவுன்சென்ட் என்போர், இவருக்கு நண்பர்களாயினர். ரிச்சர்ட்சன் வீட்டில் பெரிய படிவச் சேகரிப்பு இருந்தது. அவர் அதைத் தோற்றத்தின்படி வகைப்படுத்தி வைத்திருந்தார். ஸ்மித் அவற்றை எடுத்து, எது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று சொல்லி, அடுக்கு வரிசையில் மாற்றி வைத்தார். உடைமையாளருக்கே தம் உடைமையின் பொருள் அன்றுதான் விளங்கியது.

அந்த நண்பர்களிடம் ஸ்மித் அடுக்குகளின் பட்டியலை வாய்மொழியாகச் சொல்ல, அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மேலே வெண்சுண்ணப் பாறையிலிருந்து கீழே நிலக்கரி வரை 23 அடுக்குகள். ஒவ்வொன்றிலும் கிடைக்கும் படிவங்களும் குறிக்கப்பட்டன. அந்தப் பட்டியலின் படிகள் கைக்குக் கை மாறிப் பரவின. ஸ்மித் தடுக்கவில்லை. அறிவைப் பூட்டி வைப்பது அவர் இயல்பன்று. ஆனால் அச்சில் நூல் வெளிவருவதற்கு முன்பே கருத்து ஊரெங்கும் போய்ச் சேர்ந்ததால், அது யாருடையது என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது. குடத்திலிட்ட விளக்காக இருந்தவர் அவர். ஒளி மட்டும் வெளியே போய்விட்டது.

ஒரு மனிதன், ஒரு நாடு, ஒரு படம்

நாடு முழுவதற்கும் பாறை அடுக்குகளின் படம் வரைய வேண்டும் என்பது ஸ்மித்தின் வாழ்நாள் ஆசையாயிற்று. அதற்கு அரசு உதவி இல்லை. உதவியாளர் படை இல்லை. சதுப்பு நிலத்தில் நீர் வடிப்பது, கடலோரத்தில் கரை கட்டுவது, கரி இருக்குமா என்று சொல்வது போன்ற பணிகளைச் செய்து பொருள் ஈட்டினார். 1810-இல் பாத் நகரின் புகழ்பெற்ற வெந்நீர் ஊற்று வற்றியபோது, நீர் எங்கே கசிந்து போகிறது என்று தோண்டிக் கண்டு அதை மீட்டுக் கொடுத்தார். இப்படி வேலைக்காகப் போன ஊர்களிலெல்லாம் படத்திற்கான குறிப்புகளையும் சேர்த்துக்கொண்டார். ஆண்டுதோறும் பல்லாயிரம் மைல்கள் குதிரை வண்டியிலும் கால்நடையாகவும் பயணம் செய்தார். சம்பாதித்தவை எல்லாம் பயணத்திலேயே கரைந்தன.

இடையில் 1807-இல் இலண்டனில் நிலவியல் கழகம் தொடங்கப்பட்டது. செல்வரும் உயர்குடியினரும் கூடிப் பேசும் அவை அது. ஜார்ஜ் கிரீனோ என்ற செல்வர் அதன் முதல் தலைவர். 1808-இல் கழகத்தார் சிலர் ஸ்மித்தின் வீட்டிற்கு வந்து, சரிவான தட்டுகளில் அடுக்கு வரிசைப்படி வைக்கப்பட்டிருந்த படிவங்களைப் பார்த்துச் சென்றார்கள். ஆனால் உறுப்பினராக வருமாறு ஸ்மித்தை அழைக்கவில்லை. நிலத்தை அளந்து கூலி வாங்குபவர் எப்படி அறிஞர் ஆவார் என்பது அக்கால மனப்போக்கு.

படத்திற்கு ஜான் கேரி என்ற நிலப்பட வெளியீட்டாளர் துணை நின்றார். 1812-இல் வேலை தொடங்கியது. 1815-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாளன்று இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளும் ஸ்காட்லாந்தின் ஒரு பகுதியும் அடங்கிய நிலவியல் படம் வெளிவந்தது. 15 தாள்கள், சேர்த்து வைத்தால் எட்டரை அடி உயரம், ஆறடி அகலம். ஓர் அங்குலத்திற்கு 5 மைல் என்ற அளவை. ஒவ்வோர் அடுக்கிற்கும் ஒரு வண்ணம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு: அடுக்கின் அடிப்பகுதியில் வண்ணத்தை அழுத்தமாகவும், மேலே போகப் போக மெல்லியதாகவும் தீட்டச் செய்தார். ஆகவே படத்தைப் பார்த்தவுடன் எது எதன்மேல் படிந்திருக்கிறது என்பது கண்ணுக்குப் புலனாகும். அச்சில் வண்ணம் ஏற்றும் வசதி இல்லாத காலம். ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். ஏறத்தாழ 400 பிரதிகள் இவ்வாறு உருவாயின.

பாரிஸ் வட்டாரத்தின் அடுக்குகளையும் படிவங்களையும் குவியேரும் பிரோன்யாரும் அதே காலத்தில் ஆராய்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு நாடு முழுவதையும் ஒரு மனிதர் தனியே இவ்வளவு விரிவாகப் படமாக்கியது இதுவே முதல் முறை.

சிறையும் வெளியேற்றமும்

புகழ் வந்தது, பணம் வரவில்லை. பாத் நகருக்கு அருகே கடன் வாங்கித் தொடங்கிய கற்சுரங்கம் நட்டத்தில் முடிந்தது. கிடைத்த கல் தரமற்றது. பாறையை எல்லோருக்கும் படித்துச் சொன்னவருக்குத் தம் சொந்தக் குழியில் கிடைத்த பாறை கைகொடுக்கவில்லை. 1808-இல் அவர் மணந்துகொண்ட மனைவி மேரி ஆன் மனநோயால் துன்புற்றார். இலண்டனில் வீட்டு வாடகையும் பயணச் செலவும் கழுத்தை நெரித்தன. வாழ்நாளெல்லாம் சேர்த்த படிவங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு விற்றார். ஏறத்தாழ 700 பவுண்டு கிடைத்தது. கடன் அடையவில்லை.

இதற்கிடையே நிலவியல் கழகம் கிரீனோவின் தலைமையில் தனியாக ஒரு படம் தயாரித்து வந்தது. ஸ்மித்தின் உழைப்பிலிருந்து பெரிதும் எடுத்துக்கொண்ட படம் அது. பெரிய இடத்திலிருந்து புதிய படம் வரப்போகிறது என்ற செய்தியே ஸ்மித்தின் படத்தை வாங்க நினைத்தவர்களைத் தயங்க வைத்தது. அப்படம் 1820-இல் வெளிவந்தது. அதற்குள் ஸ்மித் வீழ்ந்துவிட்டார். 1819 ஜூன் மாதம் கடனுக்காகக் கிங்ஸ் பெஞ்ச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆகஸ்ட் இறுதியில் வெளியே வந்தபோது அவருக்கு வயது ஐம்பது. வீடும் உடைமைகளும் கடன்காரர் கைக்குப் போய்விட்டன.

அவருடைய வறுமைக்குக் கழகம் ஒன்றே காரணம் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. கற்சுரங்க நட்டமும் கடன் சுமையும் அவரே ஏற்றுக்கொண்டவை. ஆனால் தடுமாறியவருக்குக் கை கொடுத்துத் தூக்க வேண்டிய அறிஞர் அவை, அவர் நடந்த பாதையிலேயே அவரை முந்திச் செல்ல முயன்றது என்பதை மறைக்க முடியாது.

ஸ்மித் இலண்டனை விட்டு வடக்கே யார்க்ஷயருக்குப் போனார். மனைவியும் சகோதரி மகன் ஜான் பிலிப்ஸும் உடன் சென்றார்கள். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த பிலிப்ஸைத் தாய்மாமனான ஸ்மித்தே வளர்த்துப் படிக்க வைத்தார். சிறிய தந்தையோ பெரிய தந்தையோ எடுத்து வளர்க்காவிட்டால் தம் கதி என்னவாகியிருக்கும் என்பதை அறிந்தவரல்லவா அவர்? தமக்கே சோறில்லாத நாளிலும் அந்தப் பையனைக் கைவிடவில்லை. மாமனும் மருகனுமாக ஊர் ஊராக நடந்து பாறைகளைக் குறித்தார்கள். யார்க்ஷயர் நகரங்களில் நிலவியல் சொற்பொழிவுகள் செய்தார்கள். ஸ்கார்பரோ நகரில் 1829-இல் திறக்கப்பட்ட வட்டவடிவ அருங்காட்சியகம் ஸ்மித்தின் யோசனைப்படி அமைந்தது. சுவரைச் சுற்றிலும் படிவங்கள் அடுக்கு வரிசையில், பழையவை கீழே, புதியவை மேலே. 1828 முதல் ஹாக்னஸ் என்ற ஊரில் சர் ஜான் ஜான்ஸ்டன் என்னும் நிலக்கிழாரிடம் பண்ணை மேற்பார்வையாளராகவும் பணியாற்றினார்.

காலம் தந்த தீர்ப்பு

இளைய தலைமுறை கழகத்தில் நுழைந்ததும் காற்று மாறியது. 1831-இல் நிலவியல் கழகம் வோலஸ்டன் பதக்கம் என்னும் தன் உயரிய பரிசை முதன்முதலாக வழங்க முடிவு செய்தபோது, அதை வில்லியம் ஸ்மித்துக்கே அளித்தது. அப்போதைய தலைவரும் கேம்பிரிட்ஜ் பேராசிரியருமான ஆடம் செட்ஜ்விக், ஆங்கில நிலவியலின் தந்தை இவரே என்று அவையறிய அறிவித்தார். எந்த அவை இவரை உள்ளே விடவில்லையோ, அதே அவை எழுந்து நின்று இவரைப் பெருமைப்படுத்தியது. 1832-இல் அரசு ஆண்டுக்கு 100 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. 1835-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி இவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. கிராமப் பள்ளியோடு நின்றுபோன கொல்லன் மகன், 66-ஆம் வயதில் டாக்டர் ஸ்மித் ஆனார்.

1838-இல் இலண்டன் நாடாளுமன்றக் கட்டடத்திற்குக் கல் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் ஸ்மித் இடம்பெற்றார். மறு ஆண்டு, பர்மிங்ஹாம் நகரில் நடக்கவிருந்த அறிவியல் மாநாட்டிற்குப் போகும் வழியில் நார்தாம்ப்டன் நகரில் நோயுற்று, 1839 ஆகஸ்ட் 28-ஆம் நாள் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மருகன் ஜான் பிலிப்ஸ் என்ன ஆனார்? எந்தப் பல்கலைக்கழகத்திலும் மாணவராக இருந்திராத அவர், மாமனிடம் கற்ற கல்வி ஒன்றையே கொண்டு பின்னாளில் ஆக்ஸ்போர்டிலேயே நிலவியல் பேராசிரியரானார். தொல்லுயிர், இடையுயிர், புத்துயிர் என்று நாம் தேர்வுக்குப் படிக்கும் ஊழிகளின் கால அட்டவணையை, படிவங்களை அடிப்படையாகக் கொண்டு 1841-இல் வகுத்தவர் அவரே. மாமனின் வாழ்க்கை வரலாற்றை 1844-இல் நூலாக எழுதி வெளியிட்டார். ஸ்மித்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த நூலின் வழியாக வந்ததே. ஒரு தலைமுறை தட்டிய கதவு அடுத்த தலைமுறைக்குத் திறந்தது.

நிலவியல் கழகமும் தன் கடனைத் தீர்த்துக்கொண்டது. கிரீனோவின் படத்தை 1865-இல் மீண்டும் பதிப்பித்தபோது, அது ஸ்மித்தின் 1815-ஆம் ஆண்டுப் படத்தை அடிப்படையாகக் கொண்டது என்று படத்திலேயே அச்சிட்டது. ஸ்மித் இறந்து அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2015-இல், படம் வெளிவந்த 200-ஆம் ஆண்டில், கழகத்தின் ஆவணக் கிடங்கில் மறந்து கிடந்த தொடக்ககாலப் பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

நம் மண்ணில் அந்த முறை

ஸ்மித் கண்ட முறை கடல் கடந்து நம் மண்ணுக்கும் வந்தது. திருச்சிக்கு வடக்கே ஊட்டத்தூர், காரை, அரியலூர் பகுதிகளில் கிடைக்கும் கல்லாகிப்போன சங்குகளும் சிப்பிகளும் அறிஞர்களின் கவனத்தை முன்பே ஈர்த்திருந்தன. இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு அப்பகுதியை ஆராய்ந்து, 1862-இல் வெளியிட்ட அறிக்கையில் அங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என மூன்றாகப் பகுத்தார். அந்தப் படிவங்களை ஸ்டோலிச்கா என்ற அறிஞர் விரித்து எழுதினார். இன்றும் உலக நிலவியல் நூல்களில் நம் ஊட்டத்தூரின் பெயர் நிற்கிறது. அப்பகுதியில் சிமெண்டு ஆலைகள் தோன்றக் காரணமான சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பண்டைக் கடல் விட்டுச் சென்ற சொத்தே.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நம் தந்தையரின் தொழிலை மறைத்துப் பேசினால்தான் மதிப்பு என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. ஸ்மித் தம் தந்தையின் தொழிலைப் பெயரிலேயே சுமந்தார். சுரங்கத் தொழிலாளியின் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதினார். அறிவு பட்டம் பெற்றவர்களின் தனிச்சொத்து என்றிருந்த காலத்தில், அதைக் கடப்பாரையின் முனையிலும் தேடலாம் என்று நிறுவினார். பட்டம் பெறப்போகும் நமக்கு அவரைவிட வசதி அதிகம். ஆகவே பொறுப்பும் அதிகம்.

அடுத்த முறை களப்பயணமாக அரியலூருக்குப் போகும்போது, சுத்தியலும் திசைகாட்டியும் எடுத்துச் செல்வோம். சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாளர்களிடம் பாறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களையும் கேட்டு, நம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வருவோம். அந்தப் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை.